முதலில் கணக்கு, பிறகு கிண்டல்: அறிவியல் செய்திகளைச் சோதித்து வாசிக்க ஒரு வழிகாட்டி

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். அறை வெப்பநிலையில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அணுக்கரு இணைவை நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது. இயற்பியலாளர்கள் மத்தியில் அப்போது சுற்றிய எதிர்வினை ஒரே கேள்வி: “அப்படியானால் அந்த ஆய்வகத்து மாணவர்கள் இன்னும் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்?”

கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அவர்கள் பயன்படுத்திய டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனின் அணுக்கருக்கள் இணையும்போது ஏறத்தாழப் பாதி இணைவுகளில் ஒரு நியூட்ரான் வெளியேறும். இந்த வழியில் ஒரே ஒரு வாட் வெப்பம் வந்தாலும் வினாடிக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் பாய வேண்டும். கவசம் இல்லாமல் பக்கத்தில் நிற்பவர் தாங்க மாட்டார். குடுவைக்கு அருகில் இருந்தவர்கள் நலமாக இருந்தார்கள் என்பதே அந்தக் கூற்றுக்கு எதிரான வலுவான சான்று.

நல்ல எதிர்வினைக்கு இதுவே அளவுகோல். அந்த வரி அந்தச் செய்திக்கு மட்டுமே பொருந்தும். “எலிக்குத்தானே கொடுத்தார்கள்”, “பத்து வருஷமா இதையேதான் சொல்றாங்க” என்பவற்றை எந்தச் செய்தியின் அடியிலும் ஒட்டிவிடலாம். அவை சில நேரம் சரியாகவும் இருக்கும். இருந்தாலும் செய்தியைப் படிக்காமலே சொல்லக்கூடிய வரியால் யாருக்கும் எதுவும் தெரியவராது. கூர்மையான எதிர்க்கேள்வி வேண்டுமென்றால் உழைக்க வேண்டும். அதற்குத் தேவையானவை பள்ளிக்கூட இயற்பியல், ஒரு கால்குலேட்டர், செய்திக்கு அரை மணி நேரம். அவ்வளவுதான்.

தலைப்பைக் கழற்றிவிட்டுக் கூற்றை எழுதுங்கள்

செய்தியை ஒரு முறை படித்துவிட்டு மூடிவையுங்கள். பிறகு ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: யார், எதன் மீது, என்ன செய்து, எவ்வளவு மாற்றத்தை, எதோடு ஒப்பிட்டுக் கண்டார்கள்? இந்த ஐந்தில் எது நிரம்பவில்லையோ அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது. பெரும்பாலும் காலியாகக் கிடப்பது கடைசி இடம். “40 சதவீதம் வேகமானது” என்றால் எதைவிட? அதே நிறுவனத்தின் போன ஆண்டுத் தயாரிப்பையா, இன்று சந்தையில் இருக்கும் போட்டித் தயாரிப்பையா? இரண்டும் வேறு வேறு செய்திகள்.

“வரை” என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கள். “30 மணி நேரம் வரை நீடிக்கும்” என்ற வாக்கியம், மூன்று மணி நேரத்தில் அணைந்துபோகும் கருவிக்கும் பொய்யாகாது. அடுத்து “கூடும்”, “வழிவகுக்கும்”, “விரைவில்” ஆகியவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஏற்கெனவே நடந்து முடிந்தது மட்டும் அங்கே இருக்கும். பல செய்திகளில் அது ஒரு வரிகூடத் தேறாது.

கேள்விக்குறியோடு முடியும் தலைப்புக்கு “இல்லை” என்று பதில் சொல்லிவிடலாம் என்று 2009-இல் இயன் பெட்டரிட்ஜ் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அது இன்று அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது. தொடக்கக்காரருக்கு உதவும் விதிதான். ஆனால் அதையே விமர்சனமாக எழுதிவிடாதீர்கள். அது சந்தேகப்பட ஒரு காரணம், பதில் ஆகாது.

எண்களும் அலகுகளும்

தமிழில் வரும் அறிவியல் செய்திகளில் பெரும்பகுதி ஆங்கில முகமைச் செய்தியிலிருந்து அவசரமாக எடுக்கப்படுபவை. எனவே ஆய்வைச் சந்தேகிக்கும் முன் எண்ணைச் சந்தேகியுங்கள். மில்லியன் 10 லட்சம். பில்லியன் 100 கோடி. டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. பில்லியனைக் கோடியாக்கிவிட்டால் நூறு மடங்கு சரிந்துவிடும். சூரியன் உதித்து 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, 4.5 கோடி என்று எங்காவது பார்த்தால் விஞ்ஞானியைத் திட்டாதீர்கள், சுழியத்தைத் தேடுங்கள்.

வெப்பநிலை மாற்றத்தில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. “3.6 ஃபாரன்ஹீட் உயர்வு” என்பது 2 டிகிரி செல்சியஸ் உயர்வு, 1.8-ஆல் வகுத்தால் போதும். வெப்பநிலையை மாற்றும்போது வழக்கமாகச் செய்வதுபோல 32-ஐயும் கழித்துவிட்டால் மைனஸ் 15.8 வந்து நிற்கும்; வெப்பமயமாதல் செய்தி பனியுகச் செய்தி ஆகிவிடும்.

வாட், யூனிட் குழப்பம் எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது. வாட் என்பது ஆற்றல் பாயும் வேகம். யூனிட், அதாவது கிலோவாட் மணி, பாய்ந்து முடிந்த மொத்த அளவு. “இந்த பேட்டரி 500 மெகாவாட் சேமிக்கும்” என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது. எத்தனை மணி நேரம் அந்த வேகத்தில் தரும் என்று கேட்க வேண்டும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேறு. 2 சதவீதம் 3 சதவீதமானால் உயர்வு ஒரு புள்ளி. ஆனால் “50 சதவீத உயர்வு” என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யில்லை. எதைத் தலைப்பில் போட்டார்கள் என்பதில்தான் விஷயம்.

மூலத்துக்குப் போங்கள்

ஊதிப் பெருக்கும் பழியை நாம் உடனே செய்தியாளர் மீது போட்டுவிடுகிறோம். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட, உயிர்மருத்துவமும் உடல்நலமும் தொடர்பான 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூல ஆய்வோடு ஒப்பிட்ட ஒரு பணி 2014-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 40 சதவீதக் குறிப்புகளில் ஆய்வைத் தாண்டிய ஆலோசனை இருந்தது. 33 சதவீதத்தில் வெறும் தொடர்பைக் காரணமாகக் காட்டியிருந்தார்கள். 36 சதவீதத்தில் விலங்கு ஆய்வை மனிதருக்கு நீட்டியிருந்தார்கள். அதாவது மிகை பல நேரம் பல்கலைக்கழகத்தின் சொந்த அலுவலகத்திலேயே தொடங்குகிறது. செய்தியாளர் அதைக் கைமாற்றுகிறார்.

எனவே செய்தியிலிருந்து செய்திக்குறிப்புக்கும், அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைக்கும் போங்கள். செய்திக்குறிப்பின் அடியில் பெரும்பாலும் இதழின் பெயரும், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணும் இருக்கும். அந்த எண்ணைத் தேடினால் கட்டுரையின் பக்கம் திறக்கும். முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டால், தலைப்பை ஆர்கைவ், பயோஆர்கைவ், பப்மெட் ஆகிய ஆய்வுக் கட்டுரைத் தளங்களில் தேடுங்கள்; இலவசப் பிரதி அடிக்கடி கிடைக்கும். கட்டுரையே இல்லை, செய்தியாளர் கூட்டம் மட்டும்தான் என்றால் அதுவே உங்கள் முதல் குறிப்பு.

கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்கத் தேவையில்லை. சுருக்கத்தைப் படித்துவிட்டு நேரே செய்முறைப் பகுதிக்குப் போங்கள்: எத்தனை மாதிரிகள், எத்தனை நாள், எது ஒப்பீட்டுக் குழு. பிறகு படங்கள். வரைபடத்தின் செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள்; 98-இல் தொடங்கினால் 99-க்கும் 100-க்கும் இடையே மலை நிற்கும். கடைசியாக, முடிவுரைக்குச் சற்று முன்னால் வரும் குறைபாடுகள் பத்தி. ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வின் பலவீனத்தை நேர்மையாக எழுதிவைக்கும் இடம் அது. உங்கள் கூர்மையான கேள்வியைப் பல நேரம் அவர்களே அங்கே கேட்டிருப்பார்கள். “இதை ஆய்வாளர்களே 14-ஆம் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள், செய்தியில்தான் காணோம்” என்பதைவிட வலுவான எதிர்வினை கிடையாது.

ஆற்றல் கணக்கு

புதுக் கருவிகள் பற்றிய செய்தியில் பாதியை ஆற்றல் கணக்கு ஒன்றே தீர்த்துவைக்கும். சில எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். நல்ல சூரியத் தகடு அதில் 20 சதவீதத்தைச் சற்றே தாண்டி மின்சாரமாக்கும். பழக்கமான மனிதர் தொடர்ந்து மிதித்தால் 100 வாட் தருவார். போன் பேட்டரி ஏறத்தாழ 15 வாட் மணி, அதாவது 54,000 ஜூல். நல்ல லித்தியம் அயனி செல் ஒரு கிலோவுக்கு 250 வாட் மணி அளவில் தேக்கும். ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் 12,000 வாட் மணிக்கு மேல் வெப்பம் வரும்.

இப்போது ஒரு செய்தியை எடுப்போம்: “நடந்தாலே மின்சாரம் தரும் தரை ஓடு.” 70 கிலோ எடையுள்ளவர் மிதிக்கும்போது ஓடு 5 மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 × 9.8 × 0.005 = 3.4 ஜூல். துளிகூட வீணாகாமல் எல்லாம் மின்சாரமானாலும் 10 வாட் விளக்கை ஒரு வினாடி எரிக்க மூன்று காலடி வேண்டும். போனை நிரப்ப ஏறக்குறைய 16,000 காலடி. எழுத வேண்டிய வரி தானாக வந்துவிட்டது: “16,000 காலடி நடந்து முடிப்பதற்குள், வழியில் பாட்டுக் கேட்டே பாதி சார்ஜ் போயிருக்கும்.”

இரண்டாவது: “காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பாட்டில், 10 வாட் சூரியத் தகடு போதும்.” 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவி வைத்திருக்கும். ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் 15 கிராம். அந்தக் காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம் காற்றிலேயே தங்கிவிடும். கையில் கிடைப்பது 6 கிராம். ஒரு லிட்டருக்குச் சுமார் 170 கனமீட்டர் காற்றைக் கருவி வழியே ஓட்ட வேண்டும். ஒரு லிட்டர் நீராவி நீராக மாறும்போது விடும் வெப்பம் 0.68 யூனிட். 170 கனமீட்டர் காற்றை 20 டிகிரி குளிர்விக்க இன்னும் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்தை அகற்ற வேண்டும். குளிர்விப்பான் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றினால், லிட்டருக்குச் செலவு 0.6 யூனிட். 10 வாட் தகடு ஐந்து மணி நேர நல்ல வெயிலில் தருவது 0.05 யூனிட். விடை: நாளுக்கு 80 மில்லி லிட்டர் சொச்சம். விளம்பரப் படத்தில் இருப்பது முழு பாட்டில்.

மூன்றாவது கணக்கு உங்களையே தடுத்து நிறுத்தும் வகை. “ஐந்து நிமிடத்தில் காருக்குச் சார்ஜ்.” 60 யூனிட் பேட்டரியை ஐந்து நிமிடத்தில் நிரப்ப 720 கிலோவாட் வேண்டும்; 800 வோல்ட்டில் 900 ஆம்பியர். “வாய்ப்பே இல்லை” என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 2025 மார்ச்சில் பி.ஒய்.டி. என்ற சீன கார் நிறுவனம் 1 மெகாவாட் சார்ஜரை அறிவித்தது. கணக்கு பெரிய எண்ணைக் காட்டினாலே அது நடக்காது என்று ஆகிவிடாது; இயற்பியல் விதி மீறப்படுகிறதா, வெறும் பொறியியல் சிரமமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே கேட்க வேண்டியவை வேறு: அந்த வேகத்தில் எத்தனை முறை ஏற்றினால் பேட்டரி தேயும், குளிர்விப்பது எப்படி, பத்து கார்கள் ஒரே நேரத்தில் வந்தால் மின்கம்பி தாங்குமா.

ஆய்வகத்து பேட்டரிச் செய்திகளுக்குத் தனியாக மூன்று கேள்விகள். சோதித்தது பொத்தான் அளவு செல்லா, கைப்பிடி அளவு செல்லா? கிலோவுக்கு இவ்வளவு என்ற எண் மின்முனைப் பொருளுக்கு மட்டுமா, உறை, மின்பகுளி, கம்பி எல்லாம் சேர்த்தா? எத்தனை சுழற்சி ஓட்டினார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு சுழற்சிக்கு 0.1 சதவீதம் மட்டுமே இழப்பு என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆயிரம் சுழற்சிக்குப் பிறகு மிஞ்சுவது 37 சதவீதம். 80 சதவீதம் மிஞ்ச வேண்டுமானால் சுழற்சிக்கு இழப்பு 0.02 சதவீதம்தான் இருக்கலாம்.

இன்னொரு கண்ணி, செலவை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்ற எல்லைக்கோடு. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசிய பற்றவைப்பு மையத்தில், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். “செலவழித்ததைவிட அதிக ஆற்றல்” என்று தலைப்புகள் வந்தன. கோடு லேசர் ஒளி குறியில் படும் இடத்தில் போடப்பட்டிருந்தது. அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று சொன்னால் தலைப்புக்கு அது சரியான அடி. ஆய்வுக்கு அது அநியாயம். அந்த மையம் மின்நிலையமாகக் கட்டப்பட்டதில்லை. எரிபொருள் தானே பற்றிக்கொள்ளுமா என்ற இயற்பியல் கேள்விக்குப் பல பத்தாண்டுகள் காத்திருந்த விடை அன்று கிடைத்தது. உங்கள் கிண்டல் தலைப்பைத் தாக்குகிறதா, வேலையைத் தாக்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல்நலச் செய்திகள்

இங்கே தவறினால் யாரோ மருந்தை நிறுத்திவிடுவார்கள், அல்லது வீணான ஒன்றை வாங்கி விழுங்குவார்கள். ஆகவே நிதானம் கூடுதலாக வேண்டும்.

முதலில், எந்த உயிர்? செல், எலி, மனிதர் என்ற வரிசையில் எங்கே நிற்கிறது? மனிதச் சோதனை என்றால் எந்தக் கட்டம்? முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம் முக்கியமாகப் பாதுகாப்பையும் அளவையும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில். மூன்றாம் கட்டத்தில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில். முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை வருகிறது. “மனிதச் சோதனை தொடங்கியது” என்ற செய்திக்கு உற்சாகத்தின் அளவு இதுதான்.

இரண்டாவது, எதை அளந்தார்கள்? மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். அந்தத் துடிப்பை அடக்கும் மருந்துகள் இருந்தன, நன்றாகவே அடக்கின. உயிரைக் காக்கின்றனவா என்று பார்க்க அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெரிய சோதனை நடந்தது. 1989-இல் எங்கைனைடு, ஃபிளிகைனைடு ஆகிய இரண்டு மருந்துகளையும் நடுவழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இறுதிக் கணக்கில், ஏறக்குறைய சம எண்ணிக்கையிலான இரண்டு குழுக்களில், மருந்து எடுத்தவர்களில் 63 பேரும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இ.சி.ஜி. தாள் மட்டும் அழகாக இருந்தது. ஆகவே “கொழுப்பு குறைந்தது”, “புரதப் படிவு கரைந்தது” என்ற செய்திகளில் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றே: மனிதர்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்களா, நலமாக உணர்ந்தார்களா?

மூன்றாவது, எத்தனையில் எத்தனை? 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. நாளுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் “இறைச்சியும் சிகரெட்டும் ஒன்றுதான்” என்று தலைப்புகள் வந்தன. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது; ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. 18 சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்: வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் மக்கள்தொகையில் அது 5.9 ஆகும். நூறு பேரில் கூடுதலாகக் கிட்டத்தட்ட ஒருவர். அது அற்பமும் இல்லை, சிகரெட்டும் இல்லை.

நான்காவது, எத்தனை விஷயங்களை அளந்தார்கள்? 2015-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், சாக்லெட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று ஒரு ஆய்வை வேண்டுமென்றே மோசமாக வடிவமைத்து வெளியிட்டார். ஆட்கள் 15 பேர், அளந்தவை 18. பல நாட்டுப் பத்திரிகைகள் அதை அப்படியே வெளியிட்டன. பிறகு அவரே உண்மையைச் சொன்னார். 20-இல் ஒன்று தற்செயலாக ஒத்துவரலாம் என்ற வழக்கமான வரம்பில், ஒன்றையொன்று சாராத 18 அளவுகளைப் பார்த்தால், குறைந்தது ஒன்றாவது “குறிப்பிடத்தக்கது” என்று காட்ட வாய்ப்பு 60 சதவீதம். சீட்டைப் பதினெட்டு முறை எடுத்துவிட்டு விழுந்த பரிசை மட்டும் செய்தியாக்கியது அது.

“99 சதவீதம் துல்லியமான பரிசோதனை” என்பதற்கும் தாளில் கணக்குப் போடுங்கள். 10,000 பேரில் 100 பேருக்கு நோய். அவர்களில் 99 பேரைச் சோதனை பிடிக்கும். நோயில்லாத 9,900 பேரில் ஒரு சதவீதம், அதாவது இன்னொரு 99 பேரையும் நோயாளி என்று சொல்லும். “உண்டு” என்று தாள் வாங்கியவர்களில் பாதிப் பேர் நலமானவர்கள். நோய் அரிதாக ஆக இந்தப் பங்கு இன்னும் மோசமாகும்.

காத்திருக்கத் தெரிவதும் ஒரு திறமை

பெரிய கண்டுபிடிப்பு அறிவிப்புகளுக்கு உடனே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. என்ன நடந்தால் நம்புவேன் என்பதை எழுதுங்கள், அது போதும்.

2011 செப்டம்பரில் ஒப்பேரா என்ற ஆய்வுக் குழு, ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளியுள்ள இத்தாலிய ஆய்வகத்துக்கு நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்துவிட்டதாக அறிவித்தது. கணக்குப் போட்டவர்கள் 1987-இல் தெரிந்த சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்பை நினைவூட்டினார்கள். அது 1,68,000 ஒளியாண்டு தொலைவு. அதே விகிதத்தில் முந்தியிருந்தால் அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். உண்மையில் சில மணி நேரம் முன்பு வந்தன, அதற்குக் காரணம் ஒளி விண்மீனுக்குள் தாமதப்பட்டது. இரண்டின் ஆற்றல் அளவும் வேறு என்பதால் இந்த வாதம் முடிவானது ஆகாது. ஆனாலும் அருமையான கேள்வி. 2012-இல் விடை வந்தது: ஓர் ஒளியிழை வடம் சரியாகச் செருகப்படவில்லை. இந்தச் சம்பவத்தில் ஒப்பேரா குழுவைக் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை. “எங்கள் தவறைக் கண்டுபிடியுங்கள்” என்றுதான் அவர்கள் தரவை வெளியிட்டார்கள்.

2023 ஜூலையில் தென்கொரியக் குழு அறிவித்த எல்.கே-99 என்ற பொருள் வேறு வகை. சாதாரண அழுத்தத்தில் 127 டிகிரி வரை மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் என்றார்கள். ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்கும் காணொளி பரவியது. ஒரு மாதத்துக்குள் பல ஆய்வகங்கள் காரணத்தைக் கண்டன: மாதிரியில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு 104 டிகிரி அருகில் நிலை மாறும்போது மின்தடை சட்டென்று விழுகிறது, பாதி மிதப்புக்குச் சாதாரணக் காந்தத்தன்மை போதும். மீகடத்திச் செய்தி அடுத்து வரும்போது இரண்டைக் கேளுங்கள். மின்தடை கருவியின் அளவெல்லை வரை சுழியமானதா? மாதிரி காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியேற்றியதா?

துகள் இயற்பியலில் ஐந்து சிக்மாவுக்குக் குறைந்ததைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை; சிக்மா கூடக்கூட அது வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு குறையும். 2015 டிசம்பரில் செர்ன் தரவில் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் இடத்தில் புதுத் துகளின் அறிகுறி போல ஒரு மேடு தெரிந்தது. அதை விளக்க நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்தது.

சிறுகோள் செய்திகளில் ஒரு விநோதம் உண்டு. 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் 2032-இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாளில் ஏறக்குறைய சுழியமானது. விஞ்ஞானிகள் மாற்றிப் பேசுகிறார்கள் என்று பலர் எழுதினார்கள். பாதையின் நிச்சயமின்மை ஒரு பெரிய வளையம். அதற்குள் பூமி ஒரு புள்ளி. அவதானிப்பு கூடக்கூட வளையம் சுருங்கும். பூமி உள்ளே இருக்கும் வரை வளையத்தில் அதன் பங்கு ஏறும். வளையம் பூமியைத் தாண்டிச் சுருங்கிய அன்று சரிந்துவிடும். முறை சரியாக வேலை செய்வதற்கு அடையாளமே அந்த ஏற்றம்.

கணினி, செயற்கை நுண்ணறிவுச் செய்திகளுக்குச் சுருக்கமாக: எதிராளி யார்? 2019 அக்டோபரில் கூகுள் தன் 53 க்யூபிட் குவாண்டம் கணினி 200 வினாடியில் செய்ததை மீகணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) செய்ய 10,000 ஆண்டு ஆகும் என்றது, ஐ.பி.எம். அதை இரண்டரை நாளில் முடிக்கலாம் என்று கணக்குக் காட்டியது. எதிராளிக்கு நல்ல நிரலைக் கொடுத்தார்களா என்பதே கேள்வி. மருத்துவப் படங்களைப் படிக்கும் மென்பொருள் என்றால், அது பயிற்சி பெற்ற மருத்துவமனைக்கு வெளியே சோதித்தார்களா? கொரோனாவை நெஞ்சுப் படத்தில் கண்டறியும் 62 மென்பொருள் மாதிரிகளை அலசிய 2021 ஆய்வு ஒன்று, அவற்றில் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியில்லை என்றது.

எதிர்வினையை எழுதும்போது

ஒரு செய்திக்கு ஒரு குறை போதும். மிக வலுவானதை எடுங்கள். ஐந்தை அடுக்கினால் படிப்பவர் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். இரண்டு வாக்கியம் போதும்: ஒன்றில் எண், ஒன்றில் கேள்வி. எண் முன்னால் வந்தால் சிரிப்பு தானாக வரும். “எலிக்குத்தானே!” என்பதை இப்படி மாற்றுங்கள்: “22 எலிகள், ஆறு வாரம். ‘விரைவில் சந்தையில்’ என்பதற்கு முன்னால் மூன்று கட்ட மனிதச் சோதனை பாக்கி.” ஆய்வாளரின் பெயர், நாடு, தோற்றம் எதையும் தொடாதீர்கள். அவற்றைத் தொட்டவுடன் உங்கள் கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள்.

“தொடர்பு காரணம் ஆகாது” என்பதை மந்திரமாக ஓதவேண்டாம். புகைபிடித்தலும் நுரையீரல் புற்றுநோயும் முதலில் தொடர்பாகத்தான் வெளிப்பட்டன. இடையில் இருக்கும் மூன்றாவது காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்: “காபி குடிப்பவர்களில் புகைபிடிப்பவர்கள் அதிகமா? அதைக் கழித்துப் பார்த்தார்களா?” பதில் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்கும். பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஏளனம் தவறிய வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்கும் என்ற ராபர்ட் கோடார்டைப் பள்ளிப் பாடம்கூடத் தெரியாதவர் என்று எள்ளியது. உந்துவதற்குப் பின்னால் காற்று வேண்டும் என்று நினைத்தார்கள். ராக்கெட் தான் வெளியே தள்ளும் வாயுவுக்கு எதிராகவே உந்தப்படுகிறது, காற்று தேவையில்லை. அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று திருத்தம் வெளியிட்டார்கள். கோடார்ட் 1945-இலேயே இறந்துவிட்டார். அந்தத் தலையங்கத்தில் நக்கல் இருந்தது, தன்னம்பிக்கை இருந்தது. நியூட்டனின் மூன்றாம் விதியை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை.

சோதித்த கூற்றுகளுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஒரு வரிக் கூற்று, உங்கள் சந்தேகம், எது வந்தால் சந்தேகம் தீரும், மறுபடி எப்போது பார்ப்பது என்று ஐந்து நெடுவரிசைகள். புதுப் பொருள் பற்றிய செய்தியை ஆறு மாதம் கழித்துத் தேடுங்கள். வேறு ஆய்வகம் திரும்பச் செய்ததா என்பது அதற்குள் ஓரளவு தெரிந்திருக்கும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் இதழின் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும். மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு எண் உண்டு; அமெரிக்கப் பதிவேட்டில் அது என்.சி.டி. என்று தொடங்கி எட்டு இலக்கத்தோடு முடியும். அதைக் குறித்துக்கொண்டால் சோதனை எப்போது முடிய வேண்டும், தொடக்கத்தில் எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்று பார்க்கலாம். முடிவு வெளிவரும்போது முதன்மையாகக் காட்டும் அளவு பதிவில் இருந்ததற்கு மாறாக இருந்தால், அடுத்த எதிர்வினைக்கான முதல் வரி உங்கள் கையில் இருக்கிறது.